கிரியான் கரையில் தமிழ்க் கிறித்தவர் வாழ்வும் வழிபாடும்

கெடா மாநிலத்தின் தென்கோடியில், கிரியான் ஆற்றின் வடகரையில் அமைந்த சிற்றூர் பண்டார் பாரு. ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். வடமேற்கே சிறிது தொலைவில் பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். மூன்று மாநிலங்கள் வந்து முட்டும் இம்மூலையில், ஞாயிற்றுக்கிழமை என்பது எல்லோர்க்கும் ஒன்றன்று. பேராக்கிலும் பினாங்கிலும் அது ஓய்வு நாள். கெடாவிலோ அரசு அலுவலகங்களும் பள்ளிகளும் வெள்ளிக்கிழமையையே வார ஓய்வாகக் கொண்டவை. முன்னாளில் வியாழன் அரைநாள், வெள்ளி முழுநாள் என்றிருந்தது. இன்று வெள்ளியும் சனியும் விடுமுறை. அக்கரையில் ஆலய மணி ஒலிக்கும் வேளையில் இக்கரையில் பள்ளி மணி ஒலிக்கும். இவ்வட்டாரத் தமிழ்க் கிறித்தவரின் வார வாழ்வை அறிய விழைவோர் முதற்கண் இதனை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

கெடாவுக்கும் கிறித்தவத்துக்கும் உள்ள தொடர்பு பினாங்கு நகரினும் மூத்தது. 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கைக்கொண்டபோது, கோலக் கெடாவில் வாழ்ந்த போர்த்துக்கீசிய வழியினரான கத்தோலிக்கர் சிலர் அங்குக் குடிபெயர்ந்தனர். அவர்களுடன் சென்றவர் கார்னோ என்னும் பிரெஞ்சுக் குருவானவர். மரியன்னையின் விண்ணேற்பு விழாவான ஆகஸ்டு 15ஆம் நாளையொட்டி அவர்கள் கரையேறினர் என்பதனாலேயே பினாங்கின் முதற் கத்தோலிக்க ஆலயம் விண்ணேற்பு அன்னையின் பெயரைப் பெற்றது. வட மலாயாவின் கத்தோலிக்க வரலாற்றைப் பினாங்கிலிருந்து தொடங்குவது வழக்கம். கெடாவிலிருந்து தொடங்குவதே முறையாகும்.

தமிழரின் வருகை இதன் பின்னர் நிகழ்ந்தது. தமிழ்க் கிறித்தவம் அவர்களுக்குப் புதிதன்று. புனித சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறையை அடைந்து, அடிப்படைச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து மீனவர்க்குக் கற்பித்தார். அவரே 1545இல் மலாக்காவுக்கும் வந்தார். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்ட மறைநூல். தமிழ் எழுத்தில் அச்சேறிய நூல்களுள் காலத்தால் முற்பட்டது. பினாங்கில் தமிழ்க் கத்தோலிக்கர்க்கென எழுந்த ஆலயம் சவேரியாரின் பெயரையே தாங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செபராங் பிறை என இன்று வழங்கும் வெல்லெஸ்லி மாகாணத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர் திரளாகக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் கத்தோலிக்கர். ஒப்பந்தக் கூலிகளாய், பெரும்பாலும் தனியாட்களாய் வந்த அவர்களுக்குக் கோயிலும் இல்லை, குடும்பமும் இல்லை. இந்நிலையைக் கண்டு வேறொரு வழியை நாடியவர் ரெனே ஃபே அடிகளார். பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த அவர் தமிழ் கற்றவர். 1882ஆம் ஆண்டு, பண்டார் பாருவிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத பாகான் செராயில், புனித சூசையப்பர் பெயரால் ஒரு தமிழ் வேளாண் குடியேற்றத்தை அவர் நிறுவினார். தமிழகத்திலிருந்து கத்தோலிக்கரை அழைத்து வந்து, கோயிலை நடுவில் வைத்து, சுற்றிலும் நிலத்தைத் திருத்திக் குடியமர்த்துவதே அவரது எண்ணம். தோட்டத்தில் தொழிலாளி கங்காணியின் பெயரேட்டில் ஓர் எண். குடியேற்றத்திலோ அவன் ஊரான். இவ்வேறுபாடு சிறிதன்று. 1896இல் ஃபே அடிகளார் மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயராக உயர்ந்து, 1904இல் மறையும் வரை அப்பணியில் இருந்தார். 1906இல் கிரியான் நீர்ப்பாசனத் திட்டம் நிறைவேறி அவ்வட்டாரம் நெற்களஞ்சியமானதைக் காண அவர் இருக்கவில்லை.

1909இல் கெடா சயாமியரின் மேலாண்மையினின்று பிரித்தானியரின் மேலாண்மைக்கு மாறிற்று. இரப்பர் பரவிற்று. கூலிமிலும் சுங்கைப் பட்டாணியிலும் பண்டார் பாருவின் உட்பகுதிகளிலும் தோட்டங்கள் பெருகின. பெரும்பான்மை இந்துக்களிடையே, தோட்டத்துக்குச் சில வீடுகள் என்ற அளவில் கிறித்தவர் சிதறி வாழ்ந்தனர். அவர்களுக்கெனக் குருவானவர் ஒருவர் நிலையாகத் தங்குதல் இயலாது. நகரத்திலிருந்து முறைவைத்து வருவார். அவர் வராத வாரங்களே மிகுதி.

அவ்வாரங்களில் சமயத்தைத் தாங்கி நின்றவர் உபதேசியார். வரலாற்று நூல்களில் ஆயர்களுக்கும் குருக்களுக்கும் கிடைத்த இடத்தில் பத்தில் ஒரு பங்கும் இவருக்குக் கிடைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர். சில இடங்களில் தோட்டப் பள்ளி ஆசிரியரும் அவரே. மரணப் படுக்கையில் கிடந்தவருக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும், பிள்ளைகளைப் புதுநன்மைக்கு ஆயத்தப்படுத்துவதும், அடக்கச் சடங்கில் செபம் சொல்வதும் அவர் பொறுப்பு. விடியுமுன் பால்மரக் காட்டுக்குச் சென்று நண்பகல் கடந்து திரும்பும் மக்கள், அந்தி சாய்ந்தபின் ஏதேனும் ஒரு வீட்டு முற்றத்தில் கூடுவர். சுரூபத்தின் முன் விளக்கேற்றிச் செபமாலை சொல்வர். முதற்பாதியை ஒருவர் சொல்ல, மறுபாதியைக் கூட்டம் சொல்லும். எழுத்தறியாதவரும் இதனால் நீண்ட செபங்களை மனப்பாடமாக்கினர்.

வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறம் இருந்தது. செவ்வாய் அந்தோணியாருக்கு உரியது. புதன் சகாய மாதா நவநாளுக்கு உரியது. சனி மாதாவுக்கு உரியது. மாதத்தின் முதல் வெள்ளி இயேசுவின் திரு இருதயத்துக்கு. மே மாதம் மாதா வணக்க மாதம், அக்டோபர் செபமாலை மாதம். கெடாவின் ஓய்வு நாள் வெள்ளியாக இருந்தமையால் முதல் வெள்ளி வழிபாட்டுக்கு இடையூறு நேரவில்லை. இடையூறு ஞாயிற்றுக்கே. தோட்டங்களில் ஓய்வு நாளை நிருவாகம் குறித்தது. அரசுப் பணியாளர்க்கும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் மாநிலம் குறித்தது. ஞாயிறு காலைப் பூசைக்குப் போனால் வகுப்பு தவறும்; வகுப்புக்குப் போனால் பூசை தவறும். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின்னர், ஞாயிற்றுக் கடமையைச் சனி மாலைத் திருப்பலியிலேயே நிறைவேற்றலாம் என்னும் வழி பிறந்தது. 1983இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத்தொகுப்பும் இதனை உறுதிப்படுத்திற்று. உலகில் பிற இடங்களில் இது ஒரு வசதி. கெடாவில் இதுவே வாழ்வு.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. தீபகற்ப மலேசியாவில் பெரிய வெள்ளி பொது விடுமுறை அன்று. சபாவிலும் சரவாக்கிலும் மட்டுமே அது விடுமுறை. கோலாலம்பூரில் பணிபுரியும் கிறித்தவர் அந்நாளுக்கு விடுப்பு எடுத்தாக வேண்டும். கெடாவிலோ கல்வாரிப் பாடுகளை நினைவுகூரும் நாள் எப்போதும் ஓய்வு நாளிலேயே வரும். சிலுவைப்பாதை தொடங்கி, பிற்பகல் மூன்று மணி வழிபாடு, சிலுவை முத்தி, நோன்பு முடிக்கும் கஞ்சி என நாள் முழுதும் கோயில் வளாகத்திலேயே கழிக்க இயலும். அன்று ஆலய மணி ஒலிப்பதில்லை. மரத்தட்டையின் ஓசையே அழைப்பு. இரு நாள் கழித்து வரும் உயிர்ப்பு ஞாயிறன்றோ பள்ளி உண்டு. துக்க நாளுக்கு ஓய்வும் மகிழ்ச்சி நாளுக்குப் பணியும் தந்த நாட்காட்டி இது. இதனைக் குறையென்று எவரும் பெரிதாகப் பேசியதில்லை. சனி இரவு திருவிழிப்பு வழிபாட்டை அதற்கேற்பப் பெருவிழாவாக்கிக் கொண்டனர்.

விழாக்களுள் தலையாயது சூலை 26ஆம் நாள் புக்கிட் மெர்தாஜாமில் நிகழும் புனித அன்னம்மாள் திருவிழா. 1846இல் அங்குக் குடியேறிய சீனக் கத்தோலிக்கர் தொடங்கிய வழிபாடு அது. ஆயின் தமிழர் அதனைத் தமதாக்கிக் கொண்ட விரைவு வியப்புக்குரியது. மரியன்னையின் தாய், கிறித்துவின் பாட்டி என்னும் உறவுமுறை தமிழ் உள்ளத்துக்கு நெருக்கமானது. பிள்ளைப்பேறு வேண்டுவோரும், நோயுற்றோரும் நேர்ச்சை செய்தனர். கெடா, பேராக் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகச் சென்று, மெழுகுதிரி ஏந்திப் பவனியில் நடந்தனர். இந்துக்களும் உடன் நடந்தனர். அவசர காலத்தில் அப்பகுதி கம்யூனிஸ்டு நடமாட்டத்துக்கு உரியதாகக் கருதப்பட்டமையால் 1888இல் எழுந்த பழைய ஆலயம் புழக்கத்தினின்று நீங்கிற்று. பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. 2019இல் அத்திருத்தலம் பசிலிக்கா என்னும் தகுதியைப் பெற்றது. தமிழ்த் திருப்பலியும் மாண்டரின் திருப்பலியும் மலாய், ஆங்கிலத் திருப்பலிகளும் ஒரே வளாகத்தில் நடைபெறும் இவ்விழாவில், பத்து நாட்களுக்கு எல்லா மொழியினரும் ஒரே வரிசையில் நிற்பர்.

தோட்டத்துக் கிறிஸ்துமசு இத்துணைப் பெரிதன்று, ஆயினும் இனிது. லயத்து வாசலில் மூங்கிலால் செய்த நட்சத்திர விளக்கு, வைக்கோல் பரப்பிய குடில், முறுக்கும் அதிரசமும். தீபாவளிக்குப் பலகாரம் அனுப்பிய இந்து வீடுகளுக்குத் தட்டு திரும்பும் நாள் இது. சீர்திருத்தச் சபையினரிடையே வீட்டுக்கு வீடு சென்று கீர்த்தனை பாடுதலும், அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருளை ஏலம் விடுதலும் சிறப்பு. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்கள் மெதடிஸ்டு, லுத்தரன் தமிழ்ச் சபைகளின் வழியே இந்நாட்டிலும் வேரூன்றின.

இங்கு ஒன்றை மறைத்தல் ஆகாது. கடல் கடந்தோர் சாதியைக் கடலில் எறிந்துவிடவில்லை. தமிழகத்து வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்களைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அத்தகைய வழக்கங்களை அறிந்தவர்களே கப்பலேறினர். தோட்டத்துச் சிறு செபக்கூடத்தில் சுவர் எழுப்ப இடமில்லை; அதனால் சுவர் எழவில்லை. திருமணப் பேச்சில் மட்டும் அது நெடுநாள் கண்ணுக்குத் தெரியாமல் நின்றது.

சப்பானியர் ஆட்சியில் சயாம் மரண இரயில் பாதை தோட்டத் தமிழரைக் கொத்துக் கொத்தாகக் கொண்டு சென்றது. மதம் பாராமல் கொண்டு சென்றது. போருக்குப் பின் அவசர காலமும், 1950களில் தோட்டத் துண்டாடலும், 1969க்குப் பின் குடியுரிமை அற்றோர்க்கு வேலை உரிமம் மறுக்கப்பட்டமையும் எஞ்சிய கூட்டத்தைக் கலைத்தன. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. மக்கள் சுங்கைப் பட்டாணிக்கும் பட்டர்வொர்த்துக்கும் தொழிற்பேட்டைகளைத் தேடிச் சென்றனர். செபமாலை சொன்ன முற்றங்கள் முள்ளும் புதருமாயின.

இச்சிதறலின் காலத்திலேயே தமிழுக்கு ஓர் அரிய வாய்ப்பு வாய்த்தது. அதுவரை பூசை இலத்தீனில் நடந்தது. குருவானவர் பீடத்தை நோக்கி இலத்தீனில் முணுமுணுக்க, மக்கள் பின்னிருந்து தமிழில் செபமாலை சொல்வர். 1962 முதல் 1965 வரை கூடிய வத்திக்கான் சங்கம் தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. தமிழ் பீடம் ஏறியது. 1955இல் உருவான பினாங்கு மறைமாவட்டத்துக்கு 1983இல் அந்தோணி செல்வநாயகம் ஆயரானார். 2012 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1976இல் தீபகற்பக் குருக்கள் பினாங்குப் பெரிய குருமடத்தில் ஒரு மாதம் தங்கி ஆராய்ந்தனர். வெளிநாட்டுக் குருக்கள் தங்குதற்கு அரசு வரம்பு விதித்த நிலையில், திருச்சபை மக்களின் தோளில் நிற்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. வீடுதோறும் கூடும் சிறு குழுக்கள், பின்னர் அன்பியம் எனப் பெயர் பெற்றவை, அதன் விளைவு. தோட்டத்து உபதேசியார் முற்றத்தில் நடத்தியதையே திருச்சபை ஒரு நூற்றாண்டுக்குப் பின் புதிய நெறியாகக் கண்டெடுத்தது எனின் மிகையன்று.

ஆயின் இலத்தீன் பூசைக் காலத்துப் பாட்டி தமிழ்ச் செபங்களை மனப்பாடமாக அறிந்திருந்தாள். தமிழ்த் திருப்பலிக் காலத்துப் பேரன், தேசியப் பள்ளியில் பயின்றவனாயின், வாசகத்தைப் படிக்க முன்வரத் தயங்குகிறான். பாடல்களை உரோமன் எழுத்தில் எழுதித் தரும் வழக்கம் இதனால் பிறந்தது. ஒலி தமிழாய் இருக்கிறது, எழுத்து இல்லை. பாரிட் புந்தார் செயின்ட் மேரி, தைப்பிங் செயின்ட் திரேசா கான்வென்ட், ஈப்போ செயின்ட் பிலோமினா கான்வென்ட் என்று புனிதர் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில் இன்றும் உள்ளன. மறையையும் மொழியையும் ஒரே கையில் ஏந்திய காலத்தின் அடையாளங்கள் அவை. இன்று அவற்றில் பயில்வோர் எல்லாச் சமயத்தினரும் ஆவர்.

பண்டார் பாருப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு நடத்த ஞாயிறு ஒவ்வாது, சனிக்கிழமையே உகந்தது. ஆற்றின் அக்கரையினருக்கோ இரு நாளும் உகந்தவை. பாலத்தின் இரு பக்கத்துப் பிள்ளைகளும் ஒன்றுகூட இயலும் நாள் அதுவே. திருப்பாடலை ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்க மற்றவர் கேட்டிருக்கும் நாளும் அதுவே.