வேனா, வீடா?

லண்டனுக்குப் பக்கத்தில் வின்ட்ஸர். அரண்மனை இருக்கிற ஊர். அதையொட்டிய அரச பூங்காவுக்குள் சரக்கு வண்டிகள் நுழையக் கூடாது. 1950களில் பீட்டர் பிட் என்பவர் தன்னுடைய ஃபோக்ஸ்வேகன் வேனை நேராக அதற்குள் ஓட்டிக்கொண்டு போனார். தெரியாமல் இல்லை. பிடிக்கட்டும் என்றேதான் போனார். பிடித்தார்கள், கேஸ் போட்டார்கள். மனிதர் எதிர்பார்த்தது அதைத்தான்!

கேம்பர் வேன் பிரியர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்கிற கதை இது.

பிட்டுக்கு அப்படி என்ன பிரச்னை? வேனுக்குள் படுக்கை, அலமாரி, அடுப்பு எல்லாம் வைத்து, நடமாடும் வீடாக மாற்றி விற்பது அவர் தொழில். ஆனால் சட்டத்தின் கண்ணுக்கு அது சரக்கு வேன். சரக்கு வேன் என்றால் மணிக்கு 30 மைல்தான். பெண்டாட்டி பிள்ளைகளோடு கிளம்புகிறவன் இப்படி உருட்டிக்கொண்டே போனால், ஊர் போய்ச் சேர்வதற்குள் லீவு முடிந்துவிடாதா? கோர்ட்டுக்குப் போய், ‘இது சரக்கு வண்டி இல்லை, மோட்டார் கேரவன்’ என்று ஜெயித்துவிட்டு வந்தார் பிட் என்கிறார்கள்.

வேகத்தை விடுங்கள். பெரிய தலைவலி வரி.

யுத்த காலத்தில், 1940ல் பிரிட்டன் ‘பர்சேஸ் டாக்ஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 1955 அக்டோபரில் கார் மீதான அந்த வரி 60 சதவிகிதத்தைத் தொட்டது. சரக்கு வேனுக்கோ வரியே கிடையாது. சரி, எது கார், எது வேன்? டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஜன்னல் இருந்தால் கார். தகரம் மூடியிருந்தால் வேன். அவ்வளவுதான் விஷயம். 1960ல் மினி வேன் 360 பவுண்டுக்கு வந்தபோது, மூட்டை எதுவும் ஏற்றாத குடும்பஸ்தர்கள்கூட அதை வாங்கியது இதனால்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக முளைத்த ஜாதிதான் மோட்டார் கேரவன். படுக்கையும் சமையல் வசதியும் வண்டியோடு வண்டியாகப் பொருத்தப்பட்டிருந்தால் அது வசிக்கிற இடம். ஆகவே கார் வரி இல்லை. ஃபோக்ஸ்டன் நகரத்து மார்ட்டின் வால்டர் நிறுவனத்தின் ‘டார்மொபைல்’ வண்டிகள் பிரபலமானதற்கு இந்தச் சலுகையும் ஒரு காரணம்.

1973ல் பர்சேஸ் டாக்ஸ் ஒழிந்து, வாட் வந்தது. கேள்வி மட்டும் ஒழியவில்லை.

பிரிட்டனில் வண்டிகளைப் பதிவு செய்வது ஸ்வான்சீ நகரத்தில் இருக்கும் டி.வி.எல்.ஏ. நம்ம ஆர்.சி. புக் மாதிரி அங்கே ஒரு லாக் புக். வேனை வாங்கி, மாதக்கணக்கில் மர வேலை பார்த்து, மெத்தை தைத்துப் போட்டவர்கள் அதில் ‘மோட்டார் கேரவன்’ என்று எழுதித் தரச் சொல்லி விண்ணப்பிப்பார்கள். 2019ல் அந்த அலுவலகம் பிடியை இறுக்கியது. மேஜை, படுக்கை, அடுப்பு, அலமாரி உள்ளே இருந்தால் போதாது. வெளியிலிருந்து பார்த்தாலும் கேரவனாகத் தெரியவேண்டும். ஒரு பக்கமாவது இரண்டு ஜன்னல், வசிக்கும் பகுதிக்குத் தனிக் கதவு, உயரக் கூரை, நிழல் துணி கட்டும் சட்டம், இரு பக்கமும் கேரவன் பாணி ஸ்டிக்கர்!

தேறாவிட்டால் ‘ஜன்னல் வைத்த வேன்’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

வார்த்தைதானே, போகட்டும் என்று விடமுடியாது. நடுவில் தடுப்பு இல்லாத சாலையில் சரக்கு வேனுக்கு 50 மைல், 3.05 டன்னுக்கு மிகாத மோட்டார் கேரவனுக்கு 60 மைல். வண்டியின் அமைப்பைப் பார்த்துத்தான் வேக வரம்பு, லாக் புக்கைப் பார்த்து அல்ல. ஆனால் கேமராவில் சிக்கியவர், புக்கில் ‘வேன்’ என்று இருக்கும்போது, ‘ஐயா, இது வீடு’ என்று நிரூபிக்க அலையவேண்டி வரலாம். இன்ஷூரன்ஸ்காரரும் இதே கேள்வியைக் கேட்பார்.

உள்ளே எட்டிப் பாருங்கள் என்று வாதாடினார் பிட். அரசாங்கம் எப்போதுமே ரோட்டில் நின்றுதான் பார்க்கிறது. எட்டிப் பார்க்க அதற்கு நேரமில்லை. அன்றைக்கு ஜன்னல் வைத்தால் வரி. இன்றைக்கு ஜன்னல் இல்லையென்றால் வீடே இல்லை.