பால்கட்டும் சீழும்: ஒரு சிகிச்சை மாறிய கதை

பாலூட்டும் தாயின் மார்பு சிவந்து, கெட்டிப்பட்டு, குளிர்காய்ச்சலும் வந்தால் அது பெரும்பாலும் மார்பக அழற்சி. தேங்கிய பாலே கெட்டு உடலெங்கும் பரவுகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். சீழ் வைத்தால் கத்திதான். 1880களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழில் கொத்துக்கொத்தாக இருந்த கிருமிகளுக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் என்று பெயரிட்டார். மார்பகச் சீழுக்கு முக்கியக் காரணமும் அந்த இனமே.

1940களில் பெனிசிலின் வந்தது. அடுத்த பத்தாண்டிலேயே அதற்கு மசியாத கிருமிகள் மருத்துவமனைகளில் பரவின. குளோக்சசிலின் வகை மருந்துகள் தேவைப்பட்டன.

தமிழ்நாட்டில் பால் வற்ற மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது வழக்கம். 1988இல் வெளியான ஓர் ஆய்வு, புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டு, பூவுக்கும் அந்தப் பலன் உண்டு என்றது. ஆனால் அது பாலை நிறுத்தும் வழி, தொற்றுக்கு மருந்தல்ல.

பாலூட்டுவதை நிறுத்தச் சொன்ன பழைய அறிவுரைதான் அதிகம் கெடுத்தது. பால் வெளியேறினால் விரைவில் குணமாகிறது என்று 1984இல் டென்மார்க் ஆய்வு காட்டியது. 2000இல் உலக சுகாதார நிறுவனமும் பாலூட்டலைத் தொடரச் சொன்னது. மறுபக்கம், அழுத்திப் பிசைவதும் அளவுக்கு மீறிப் பீய்ச்சுவதும் வீக்கத்தைக் கூட்டும் என்று 2022இல் பாலூட்டல் மருத்துவ அகாடமி எச்சரித்தது. அதன் பரிந்துரை குளிர் ஒத்தடம். சீழ்க்கட்டியை இப்போது பெரும்பாலும் ஸ்கேன் பார்த்து ஊசியால் உறிஞ்சி எடுக்கிறார்கள்.