ஈட்டிப் பலகையின் வழி

கூடலூர், வயநாடு, குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலைத் தோட்டங்களில் காபிச் செடிக்கு நிழலாக வெட்டாமல் விட்ட மரங்களில் ஈட்டியும் ஒன்று. தோதகத்தி என்பதும் இதுதான். பழைய வீடுகளில் கட்டிலும் பீரோவுமாகக் கருத்துப் பளபளக்கும் அதே மரம். மெதுவாக வளரும். வைரம் பாய்ந்து பருக்க ஒரு தலைமுறை போதாது. கிட்டார் செய்கிறவர்கள் இதை இந்திய ரோஸ்வுட் என்கிறார்கள்.

அவர்கள் முதலில் தேடியது பிரேசில் ரோஸ்வுட்டை. 1833 முதல் கிட்டார் செய்துவரும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, பெயர்பெற்ற தன் டி-28 கிட்டாருக்கு முதுகும் பக்கங்களும் அந்த மரத்தில்தான் வைத்தது. 1960களின் இறுதியில் பிரேசில் முழுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்தியதும், 1969இல் மார்ட்டின் நம் ஈட்டிக்கு மாறியது.

நம் நாட்டுச் சட்டம் இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறது. ஈட்டியை முழுக்கட்டையாக அனுப்ப முடியாது. 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த அறுத்த பலகையாகவும் அனுப்ப முடியாது. அதைவிட மெல்லிய தகடு போகலாம், இசைக்கருவிக்கென்று முடித்த பாகம் போகலாம். அதனால் கிட்டார் முதுகுக்கான அறுப்பு இந்த மண்ணிலேயே நடந்தாக வேண்டும். இந்த மரத்தின் பயணத்தில் கப்பலையும் கம்பெனியையும் விட அந்த அறுப்பையே நான் பெரிதாக நினைக்கிறேன். மரம் மதிப்பு ஏறுவதும் வீணாவதும் அங்கேதான்.

கட்டை சாமில்லுக்கு வந்ததும், ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி கால் கால் பாகமாகப் பிளக்கிறார்கள். அப்படி எடுத்த பலகை ஈரத்துக்கும் வெயிலுக்கும் அதிகம் கோணாது, கோடுகளும் நேராக ஓடும். வைரத்தைச் சுற்றியுள்ள வெளுப்பை ஒதுக்கி, உலர்த்தி, பிறகு பலகையைப் பக்கவாட்டில் நிறுத்திப் பேண்ட்சா என்னும் நாடா ரம்பத்தில் தகடு தகடாக அறுக்கிறார்கள்.

50 மி.மீ. தடித்த பலகை ஒன்றை எடுத்துக்கொள்வோம். வட்ட ரம்பம் ஓர் அறுப்புக்கு 3.5 மி.மீ. மரத்தைத் தூளாக்கினால், 4.5 மி.மீ. தகடு ஆறு கிடைக்கும். பேண்ட்சாவின் மெல்லிய பிளேடு 1.3 மி.மீ. மட்டுமே தின்றால், எட்டு. ஒரு முதுகுக்கு இரண்டு தகடு வேண்டும். ஆக, மூன்று கிட்டார் வந்த பலகையில் நான்கு வருகிறது.

ஆனால் மெல்லிய பிளேடு எளிதில் அடங்காது. ஈட்டியின் துளைகளில் சுண்ணப் படிவு இருப்பதால் பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கியதைக் கொண்டு அழுத்தித் தள்ளினால் பிளேடு உள்ளே வில்லாக வளையும். மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் சரியாகவே தெரியும். நடுவில் ஒரு தகடு மெலிந்து, பக்கத்துத் தகடு தடித்திருக்கும். மெலிந்தது எதற்கும் ஆகாது. எட்டங்குல அகலப் பலகையின் தூளைச் சுமந்து வெளியே கொட்ட வேண்டியிருப்பதால், அங்குலத்துக்கு இரண்டு மூன்று பல் உள்ள பிளேடுதான் இதற்குச் சரி. பிளேடு தானாக ஒரு பக்கம் இழுத்தால், அது இழுக்கும் கோணத்துக்கே வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைப்பார்கள். கைதேர்ந்தவர் சத்தத்தைக் கேட்டே தள்ளுகிறார். சத்தம் மாறினால் கை நின்றுவிடும்.

அறுபட்ட முகம் ஊதா கலந்த பழுப்பில் இருக்கும், இனிய வாசனை எழும். அந்த வாசனையோடு வரும் தூள் தோலில் அரிக்கும், மூச்சுக்கும் ஆகாது. முகமூடி இல்லாமல் இந்த மரத்தை அறுக்க யாரையும் விடக் கூடாது.

தகடுகளை அறுத்த வரிசை குலையாமல் எண் போட்டு அடுக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டைப் புத்தகம் போல விரித்து ஒட்டினால்தான் இடமும் வலமும் கோடுகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். வரிசை குலைந்தால் ஜோடி போயிற்று. கிட்டார் பட்டறையில் இவற்றைச் சுமார் இரண்டரை மி.மீ.க்கு இழைத்து, பக்கப் பலகைகளை ஈரமும் சூடும் கொடுத்து வளைப்பார்கள்.

தகடா, பலகையா, முடித்த பாகமா என்ற கேள்வி அமெரிக்கா வரை போனது. 2011 ஆகஸ்டில் கிப்சன் கிட்டார் கம்பெனியின் ஆலைகளில் அந்நாட்டு அதிகாரிகள் சோதனை போட்டு, இந்தியாவிலிருந்து சட்டத்தை மீறி வந்ததாகச் சந்தேகித்த மரத்தையும் எடுத்துப் போனார்கள். 2012இல் ஏற்பட்ட உடன்பாட்டில் கிப்சன் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது மடகாஸ்கரிலிருந்து கருங்காலி இறக்குமதி செய்த விவகாரத்துக்காக. இந்திய மரத்தைப் பற்றிய சட்டம் தெளிவாக இல்லை என்று அரசுத் தரப்பே ஒப்புக்கொண்டது.

கெடுபிடி அதிகம் என்று வியாபாரிகள் சொல்வதுண்டு. மரத்தின் நிலையைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. தமிழ்நாடு 1994இல் ஈட்டிக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தது. 2017 ஜனவரியில், அழிந்துவரும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் இந்த மரத்தின் பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு வந்தது. இத்தனைக்குப் பிறகும் வயநாட்டின் முட்டிலில் ஈட்டிகளைச் சட்டவிரோதமாக வெட்டியது 2021இல் அம்பலமானது.

சென்னைக்குத் தெற்கிலுள்ள கூடுவாஞ்சேரிக்குக் கிழக்கே, திருப்போரூர் வட்டாரத்தில் யமஹாவின் இசைக்கருவி ஆலை 2019 முதல் இயங்குகிறது. கிட்டார் அங்கேயும் உருவாகிறது. கூடுவாஞ்சேரிக்கு அடுத்த ஸ்டேஷனான பொத்தேரியில், கல்லூரி விட்டு வரும் பிள்ளைகளின் தோளில் கிட்டார் பை சாதாரணமாகத் தென்படும். தொடக்கநிலைக் கிட்டார்களில் பெரும்பாலும் ரம்பத்தால் அறுத்த தகடு இருக்காது. கத்தியால் சீவிய காகிதம் போல் மெல்லிய ஏட்டை வேறு மரத்தின் மேல் ஒட்டியிருப்பார்கள். கற்றுக்கொள்ள அது போதும், மரமும் மிச்சம். தன்னுடையது எது என்று அறிய விரும்புகிறவர், நடுவிலுள்ள துளை வழியே மொபைல் வெளிச்சம் அடித்துப் பார்க்கலாம். முதுகில் வெளியே ஓடும் கருங்கோடு உள்ளேயும் அதே இடத்தில் ஓடினால், அநேகமாக அது அறுத்த முழு மரம்.