சுங்கச் சாவடியில் ஒரு போல்ட்டு



நம் உத்திரமேரூர்ப் பிள்ளைகள் பலர் ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளில் கார் உதிரிபாகங்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் வேலையில் இருக்கிறீர்கள். சுங்கம் நமக்குப் பழைய சொல். முதலாம் குலோத்துங்கனுக்கே ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று பெயர். சுமத்ராவின் பாருஸில், கப்பலில் வருவோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணத்தைத் தமிழ் வணிகர்கள் 1088இல் கல்லில் வெட்டிவைத்தார்கள்.

1990களில் சென்னை பாடியிலிருந்து சுந்தரம் பாசனர்ஸ் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ரேடியேட்டர் மூடி அனுப்பியது. அதற்கு முன்பே, 1988இல், உலகச் சுங்கத்துறைகளுக்குப் பொதுவான ஹெச்.எஸ். குறியீடு நடைமுறைக்கு வந்துவிட்டது. முதல் 6 இலக்கம் அதை ஏற்ற நாடுகளிலெல்லாம் ஒன்றே. கார் பாகங்களுக்கு 8708. ஆனால் அதே காரில் மாட்டும் இரும்பு போல்ட்டு, நட்டுக்கு 7318. எதில் முடுக்கினாலும் போல்ட்டு போல்ட்டுதான்! மாற்றி எழுதினால் வரி மாறும், சரக்கு துறைமுகத்தில் முடங்கும். அதற்காகக் காத்திருக்கும் ஆலையும் நின்றுபோகலாம்.

கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது என்கிறது நம் ஊர்க் கோயிலில் உள்ள பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு. ஷிப்பிங் பில் எழுதும்போது அந்தச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்