பத்துப் பாட்டு போதும்

ஓர் இசைக்குழுவின் ஆல்பங்களை வரிசையாகக் கேட்காமல், அதன் ‘கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ தொகுப்பையே திரும்பத் திரும்பக் கேட்பவர்களைத் தீவிர ரசிகர்கள் சற்றுக் கீழாகத்தான் பார்ப்பார்கள். நுனிப்புல் மேய்கிறவர்கள் என்பார்கள். ஆனால் பிடித்ததைப் பொறுக்கியெடுத்துக் கேட்கும் பழக்கம் ஆல்பத்தைவிட வயதில் மிக மூத்தது.

1782 ஜூலையில் வியன்னாவிலிருந்து தந்தைக்குக் கடிதம் எழுதிய மொசார்ட் பெரும் அவசரத்தில் இருந்தார். அப்போதுதான் அரங்கேறியிருந்த தன் ஓபராவின் இசையை ஊதுகருவிக் குழுக்கள் வாசிக்கும்படி அவரே மாற்றி எழுதியாக வேண்டும். தாமதித்தால் வேறொருவர் முந்திக்கொண்டு லாபத்தையும் அள்ளிக்கொள்வார். ஓபரா அரங்குக்கே போகாதவர்களும் அதன் சிறந்த மெட்டுகளை விருந்துகளிலும் தோட்டங்களிலும் கேட்ட காலம் அது. ஐந்தாண்டு கழித்து பிராக் நகரில் அவருடைய மற்றோர் ஓபராவான ‘பிகாரோ’வின் மெட்டுகளுக்கு ஊரே நடனமாடிக்கொண்டிருந்தது. அதே நகரில் 1787இல் அரங்கேறிய ‘டான் ஜொவானி’யின் விருந்துக் காட்சியில், மேடையிலிருக்கும் வாத்தியக் குழு பிகாரோ மெட்டு ஒன்றை வாசிக்கும்படி எழுதிவைத்தார் மொசார்ட். தன் ஹிட் எதுவென்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஒலிப்பதிவு வந்தபோது தொழில்நுட்பமும் தனிப்பாடலின் பக்கமே நின்றது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் இடமில்லை. நீண்ட இசையை விற்க வேண்டுமானால் பல தட்டுகளைப் புகைப்பட ஆல்பம் போன்ற அட்டைகளுக்குள் அடுக்கித்தான் தர முடியும். 1909இல் ஜெர்மனியின் ஓடியன் நிறுவனம் சைக்கோவ்ஸ்கியின் ‘நட்கிராக்கர்’ இசையை இப்படி நான்கு தட்டுகளில் வெளியிட்டது. இசை ஆல்பத்துக்கு அந்தப் பெயர் அட்டைகளிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

எது ஹிட் என்று எண்ணிச் சொல்லும் வேலையை வானொலி எடுத்துக்கொண்டது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘யுவர் ஹிட் பரேட்’ நிகழ்ச்சிக்கு ஒரு சிகரெட் நிறுவனம் பணம் கொடுத்தது. 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கிவைக்க, அந்த வெற்றிடத்தில் கொழும்பிலிருந்து இலங்கை வானொலி நுழைந்தது. அமீன் சயானியின் குரலில் அது ஒலிபரப்பிய ‘பினாகா கீத்மாலா’வுக்குப் பின்னால் இருந்தது ஒரு பற்பசை. சிகரெட்டும் பற்பசையும் விற்கப் புறப்பட்டவர்கள், பாடல்களை வரிசைப்படுத்திக் கேட்க மக்களைப் பழக்கிவிட்டார்கள்.

1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் ஓடும் தட்டு. இத்தனை இடத்தை எதைக்கொண்டு நிரப்புவது? பத்தாண்டு கழித்து அதற்கு ஒரு விடை தற்செயலாகக் கிடைத்தது. ஜானி மாதிஸ் என்ற பாடகர் இங்கிலாந்துப் பயணத்தில் இருந்ததால் புதிய ஆல்பம் பதிவு செய்ய நேரமில்லை. ஏற்கெனவே தனித்தனியாக வெளிவந்திருந்த பாடல்களைச் சேர்த்து, 1958இல் ‘ஜானிஸ் கிரேட்டஸ்ட் ஹிட்ஸ்’ என்று வெளியிட்டது கொலம்பியா. அப்போது அவருக்கு வயது 22. அந்தத் தட்டு பில்போர்ட் பட்டியலில் 490 வாரங்கள் நின்றது. கிட்டத்தட்ட ஒன்பதரை ஆண்டுகள்! இந்தச் சாதனையை 1983இல் முறியடித்தது பிங்க் ஃபிளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’. அந்தக் குழுவைப் பிறகு ஒரு நீதிமன்றத்தில் மீண்டும் சந்திப்போம்.

இவ்வளவு விற்கும் சரக்கை வியாபாரிகள் சும்மா விடுவார்களா? கனடாவின் வின்னிபெக் நகரில் பிலிப் கீவ்ஸ் என்பவர் ஒட்டாத வாணலியையும் காய் நறுக்கும் கருவியையும் தொலைக்காட்சி விளம்பரம் மூலம் விற்றுக்கொண்டிருந்தார். 1966இல் அதே பாணியில் 25 ‘கன்ட்ரி’ இசைப் பாடல்களை ஒரே தட்டில் அடைத்து விற்றார். கே-டெல் நிறுவனத்தின் இசை வணிகம் அப்படித்தான் பிறந்தது. இடம் போதாவிட்டால் பாடலையே வெட்டிச் சுருக்கிவிடுவார்கள்.

அதற்குள் பாடகர்களின் மனநிலை மாறியிருந்தது. 1967இல் பீட்டில்ஸின் ‘சார்ஜண்ட் பெப்பர்’ வந்த பிறகு, ஆல்பம் என்பது முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டிய ஒரே படைப்பு என்ற எண்ணம் வேரூன்றியது. தொகுப்புகளின் மீதான இளக்காரம் பிறந்ததும் இந்தக் காலத்தில்தான். விந்தை என்னவென்றால், அதே பீட்டில்ஸைத் தொகுப்புக்கு இழுத்துவந்தவர்கள் திருட்டுப் பதிப்புக்காரர்கள். ‘ஆல்ஃபா ஒமேகா’ என்ற அனுமதியில்லாத நான்கு தட்டுத் தொகுப்பு அமெரிக்கத் தொலைக்காட்சியிலேயே விளம்பரமாயிற்று. அதற்குப் பதிலடியாக 1973இல் வந்தவைதான் புகழ்பெற்ற சிவப்பு, நீலத் தொகுப்புகள்.

1976 பிப்ரவரியில் ஈகிள்ஸ் குழுவின் முதல் நான்கு ஆல்பங்களிலிருந்து பத்துப் பாடல்களை எடுத்து அவர்களின் நிறுவனம் ஒரு தொகுப்பு வெளியிட்டது. ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ அதில் இல்லை, இருக்கவும் முடியாது. அந்தப் பாடலைக் கொண்ட ஆல்பம் அதே ஆண்டு டிசம்பரில்தான் வெளியானது. அப்படியும் 2018இல் அந்தத் தொகுப்பு 3.8 கோடிப் பிரதிகளுக்கான அமெரிக்கச் சான்றிதழைப் பெற்று, மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ஐ முந்தியது.

தொகுப்பவரின் கை எவ்வளவு வலியது என்பதை பாப் மார்லியிடம்தான் பார்க்க வேண்டும். அவர் இறந்து மூன்றாண்டுக்குப் பின், 1984இல், ஐலண்ட் நிறுவனத்தின் டேவ் ராபின்சன் ‘லெஜண்ட்’ தொகுப்பை உருவாக்கினார். அரசியல் சூடு புதியவர்களை விலக்கிவிடும் என்று கருதி, காதலும் நம்பிக்கையும் பேசும் பாடல்களுக்கே அதிக இடம் கொடுத்தார். ஆப்பிரிக்க விடுதலையைப் பாடிய 1979ஆம் ஆண்டின் ‘சர்வைவல்’ ஆல்பத்திலிருந்து ஒரு பாடல்கூட அந்தத் தட்டில் இல்லை. 1980இல் ஜிம்பாப்வே சுதந்திர விழாவில் நேரில் போய்ப் பாடிய மனிதர் அவர்! ‘லெஜண்ட்’ மிக இனிமையான தொகுப்பு. எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் உலகம் அறிந்த மார்லியில் பாதியை வடித்துக் கொடுத்தவர் ராபின்சன் என்பதையும் மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் அதே எண்பதுகளில் தொகுப்பாளர் வேலையை ரசிகர்களே செய்துகொண்டார்கள். விருப்பப் பாடல்களைத் தாளில் எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்தால், 60 அல்லது 90 நிமிடக் கேசட்டில் பதிந்து தருவார்கள். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு, ‘பி’ பக்கம் எதில் தொடங்க வேண்டும் என்று யோசித்து எழுதிய அந்தப் பட்டியல்களில் நல்ல ரசனை இருந்தது.

2003 ஏப்ரலில் ஆப்பிளின் ஐட்யூன்ஸ் கடை ஒரு பாடலை 99 சென்ட்டுக்கு விற்கத் தொடங்கியதும், எந்த ஆல்பத்தையும் எவரும் உடைக்கலாம் என்றாயிற்று. ஏசி/டிசி குழு 2012வரை அந்தக் கடைக்குத் தன் பாடல்களைத் தரவே இல்லை. பிங்க் ஃபிளாய்ட் தங்கள் பாடல்களைத் தனித்தனியாக விற்கக் கூடாது என்று இ.எம்.ஐ. நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்து, 2010இல் லண்டன் நீதிமன்றத்தில் வென்றது. அவர்களின் பிடிவாதத்தை மதிக்கிறேன். ‘டார்க் சைட்’ நடுவில் அறுக்கக்கூடிய இசை இல்லை.

பாடலைத் தனியாகக் கேட்க முடிந்த பிறகு தொகுப்புத் தட்டுகள் செத்துப்போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. பிரிட்டனில் 2015 முதல் இணையத்தில் ஒரு பாடலைக் கேட்டாலும் அது ஆல்பத்தின் கணக்கில் சேர்கிறது. ஹிட் பாடல்கள் மட்டுமே நிறைந்த ஆல்பத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1992இல், ஆபா குழு பாடுவதை நிறுத்திப் பத்தாண்டு கழித்து, வெளிவந்த ‘ஆபா கோல்ட்’ 2021 ஜூலையில் பிரிட்டன் பட்டியலில் ஆயிரமாவது வாரத்தைத் தொட்டது. அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் ஆல்பம் அதுதான்.