கறக்காமல் கட்டிய மடியும் பின்னுக்குத் திருப்பிய மீட்டரும்



நம்மூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் பணிக்கொடைக் காசில் பாவித்த வேன் ஒன்று வாங்கினார். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கி வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மீட்டரில் 68,000 கிலோமீற்றர். மூன்றாம் வாரமே வேன் கராஜுக்குப் போய்விட்டது. பொனட்டைத் திறந்த பாஸ், உள்ளே ஒட்டியிருந்த ஒரு பழைய ஜப்பானிய ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். டைமிங் பெல்ட் மாற்றினால் அங்கே ஒட்டுவார்களாம். எழுத்து நமக்கு விளங்காது, இலக்கம் விளங்கும்: 102,340.

விற்றவரிடம் போய்க் கேட்டோம். "நானும் இப்படித்தான் வாங்கினேன்" என்றார். அவருக்கு முந்தியவரும் அதையே சொன்னார். மூன்று பேர் கை மாறிய வாகனத்தில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நட்டம் மட்டும் கடைசியில் வாங்கியவருக்கு.

இந்த ஏமாற்று நேற்று வந்ததென்று நினைக்கிறோம். இதன் கதை மோட்டார் வாகனத்தை விட மிகப் பழையது.

அரபு நாட்டுச் சந்தையில் ஆடும் ஒட்டகமும் விற்ற காலத்தில், சிலர் விற்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே பால் கறக்காமல் மடியைக் கட்டி வைப்பார்கள். வாங்க வருபவர் நிறைந்த மடியைப் பார்த்து, நல்ல கறவை என்று கூடுதல் விலை கொடுப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு தரம் கறந்தால் உண்மை தெரிந்துவிடும். இதற்கு 'தஸ்ரியா' என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் இதைத் தடுத்ததும், அப்படி வாங்கியவருக்கு மூன்று நாள் தவணை கொடுத்ததும் ஹதீஸ்களில் பதிவாகியிருக்கின்றன. விருப்பமென்றால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் திருப்பிக் கொடுக்கலாம். மடிதான் அந்தக் காலத்து மீட்டர். கண்ணுக்குக் காட்டியதை நம்பி ஏமாந்தவருக்கு, சோதித்துப் பார்க்க நாளும் திருப்பிக் கொடுக்க உரிமையும் கிடைத்தன.

பின்னர் முஸ்லிம் நகரங்களின் சந்தைகளில் முஹ்தஸிப் என்ற அதிகாரி இருந்தார். தராசு, படி, முழக்கோல் எல்லாவற்றையும் சோதிப்பது அவர் வேலை. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்-ஷைஸரீ இந்த அதிகாரிகளுக்காகவே ஒரு கைநூல் எழுதினார். ஒவ்வொரு தொழிலிலும் என்னென்ன கள்ளம் நடக்கும், அதை எப்படிப் பிடிப்பது என்று அதில் இருக்கிறது. கால்நடை விற்பவர்களையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஓடிய தூரத்தை அளக்கும் கருவியும் பழையதே. கி.மு. முதலாம் நூற்றாண்டு ரோமானியப் பொறியியலாளர் விட்ருவியஸ் ஒரு வண்டியை விவரிக்கிறார். சக்கரம் 400 தரம் சுற்றினால் ஒரு ரோமானிய மைல். அப்போது ஒரு கூழாங்கல் வெண்கலப் பாத்திரத்தில் 'டங்' என்று விழும். மாலையில் கல்லை எண்ணினால் எத்தனை மைல் என்று தெரியும். அந்தக் கருவி பாதையை அளக்க வந்தது. வண்டியின் விலையை மீட்டர் தீர்மானிக்கத் தொடங்கியது மோட்டார் கார் வந்து, பழைய காருக்கும் சந்தை உண்டான பிறகுதான். அத்தோடு கள்ளமும் தொடங்கியது.

அந்த நாள் மீட்டர் கியர் பெட்டியிலிருந்து வரும் ஒரு கேபிளால் சுற்றும். கேபிளைக் கழற்றிவிட்டு ஓடினால் இலக்கம் ஏறாது. திறந்து கையால் திருப்பினால் இறங்கும். அமெரிக்காவில் இது பெருகி, 1972இல் மீட்டரைக் குறைப்பதைக் குற்றமாக்கிக் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. விற்பவர் மீட்டர் இலக்கத்தை எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தனிக் கடதாசியைக் கள்ளமாகச் செய்வதும் தொலைப்பதும் இலகுவாக இருந்தது. அதனால் 1986இல் இன்னொரு சட்டம் மூலம், வாகனத்தின் உரிமைப் பத்திரத்திலேயே இலக்கத்தை எழுத வைத்தார்கள்.

இது தெருவோர வியாபாரிகளின் வேலை மட்டும் என்றும் எண்ண வேண்டாம். 1987இல் கிரைஸ்லர் நிறுவனமே வழக்கில் மாட்டியது. அதன் மேலாளர்கள் மீட்டரைத் துண்டித்துவிட்டு ஓடிய சுமார் 60,000 கார்கள் புதியவை என்று விற்கப்பட்டிருந்தன. தலைவர் லீ ஐயகோக்கா பத்திரிகையாளர் முன் வந்து மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று.

டிஜிட்டல் மீட்டர் வந்தால் இந்தக் கள்ளம் ஒழியும் என்று பலர் நம்பினார்கள். நடந்தது வேறு. இலக்கம் இப்போது ஒரு சிறிய மெமரி சிப்பில் இருக்கிறது. உரிய கருவி கையில் இருந்தால் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் மாற்றிவிடலாம். திறந்த அடையாளம்கூட இருக்காது. அமெரிக்காவில் மட்டும் வருடத்துக்கு 450,000க்கு மேற்பட்ட வாகனங்கள் பொய் மீட்டருடன் விற்கப்படுவதாக அந்நாட்டு அரசே மதிப்பிட்டிருக்கிறது.

இதைப் பெருமளவு அடக்கிக் காட்டிய நாடு பெல்ஜியம். 2006 டிசம்பரிலிருந்து அங்கே வாகனம் கராஜுக்கோ, டயர் மாற்றவோ, பரிசோதனைக்கோ போகும்போதெல்லாம் மீட்டர் இலக்கம் ஒரு பொதுப் பதிவுக்குப் போக வேண்டும். பழைய கார் விற்பவர் அந்த வரலாற்றை 'கார்-பாஸ்' என்ற சான்றிதழாகக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வாங்கியவர் விற்பனையை ரத்துச் செய்யக் கேட்கலாம். தஸ்ரியாவுக்குச் சொல்லப்பட்ட தீர்ப்பு நினைவுக்கு வருகிறதல்லவா?

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட, ஜப்பானில் ஓடிய வாகனங்கள் நம் தெருக்களை நிறைத்தன. ஜப்பானில் ஒரு இலட்சம் கிலோமீற்றர் தாண்டிய காரை உள்ளூரார் விரும்புவதில்லை, விலை இறங்கிவிடும். அங்கே மலிவாக எடுத்து, மீட்டரைக் குறைத்து, இங்கே 'குறைய ஓடினது' என்று விற்றால் இலாபம். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கும் வரை, நாட்டுக்குள் இருந்த வாகனங்களே கைக்குக் கை மாறின. பழைய வாகனம் பொன் விலை விற்ற அந்தக் காலத்தில், மீட்டரில் குறைத்த ஒவ்வொரு ஆயிரத்துக்கும் காசு இருந்தது.

ஆகவே வாகனம் பார்க்கப் போகும்போது மீட்டரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் கடதாசி. ஜப்பானிய ஏல அறிக்கையையும் ஏற்றுமதிச் சான்றிதழையும் கேளுங்கள். ஏல அறிக்கையிலும் கள்ளப் பிரதி உண்டு. செசி இலக்கத்தைக் கொடுத்து நீங்களே சரிபாருங்கள். சேர்விஸ் பில், புகைப் பரிசோதனைக் கடதாசி எதிலாவது மீட்டர் இலக்கம் இருந்தால் திகதி வரிசையில் அடுக்குங்கள். இலக்கம் எங்காவது இறங்கினால் அங்கேதான் கள்ளம்.

பிறகு வாகனம். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங், சாரதி ஆசனத்தின் ஓரம் மூன்றும் தேய்ந்து, மீட்டர் மட்டும் 40,000 காட்டினால் நம்ப வேண்டாம். புத்தம் புதிதாக மாற்றியிருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். டயரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. 20,000 ஓடியதாகச் சொல்லும் வாகனத்தில் டயர் நான்கும் வாகனத்தை விடப் பல வருடம் இளையதாக இருந்தால் கணக்கு இடிக்கிறது. பொனட்டுக்குள்ளும் கதவு ஓரத்திலும் பழைய ஸ்டிக்கர் தேடுங்கள். ஸ்கேனர் உள்ள பாஸிடம் காட்டுங்கள். பல வாகனங்களில் மீட்டருக்கு வெளியே வேறு கணினிப் பெட்டிகளிலும் ஓடிய தூரம் பதிந்திருக்கும்.

கடைசியாக, விற்கும் நமக்கும் ஒன்று. "நானும் இப்படித்தான் வாங்கினேன்" என்பது நம்மைக் காப்பாற்றாது. சந்தேகம் இருந்தால் அதை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்போம். குறையை மறைக்காமல் சொன்ன வியாபாரத்தில்தான் பரகத் என்று படித்தவர்கள் நாம். விற்கும் நாளில் மீட்டர் இலக்கத்தையும் திகதியையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையொப்பமிட்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்வோம். அரசாங்கம் பெல்ஜியம் போலப் பதிவேடு திறக்கும் வரை காத்திருக்கத் தேவையில்லை.

அந்த ஆசிரியரின் வேன் இன்னும் கராஜில்தான் நிற்கிறது. அடுத்தவருக்கு இப்படி நடக்காதிருக்க, வாகனம் வாங்க நினைக்கும் ஒருவருக்காவது இதை அனுப்புங்கள்.