டின்னி: ஆஸ்திரேலியாவின் சிறு அலுமினிய மீன்பிடிப் படகு

டின்னி என்பது ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்கள் வைத்திருக்கும் சிறிய, கூரையில்லாத அலுமினியப் படகு. நீளம் பெரும்பாலும் 3 முதல் 4.5 மீட்டர். குறுக்கே இரண்டு மூன்று இருக்கைப் பலகைகளும் பின்னால் ஓர் அவுட்போர்டு எஞ்சினும் இருக்கும். படகுத்துறையில் கட்டி வைக்கும் வழக்கம் இல்லை. டிரெய்லரில் ஏற்றி வீட்டு முற்றத்தில் நிறுத்தி, வேண்டும்போது காரின் பின்னால் இழுத்துப் போவார்கள். சிட்னிக்கு வடக்கே ஹாக்ஸ்பரி ஆற்றிலும், பிரிஸ்பேனின் மோர்ட்டன் விரிகுடாவிலும், டார்வினைச் சுற்றியுள்ள கழிமுகங்களிலும் அதிகம் கண்ணில் படுவது இந்தப் படகுதான். குவீன்ஸ்லாந்தின் கூமேராவில் உள்ள டெல்வாட்டர் நிறுவனம் குவின்ட்ரெக்ஸ், ஸ்டேசர், சாவேஜ் ஆகிய பெயர்களில் இவற்றைத் தயாரிக்கிறது. கனடாவின் பி.ஆர்.பி. நிறுவனம் 2019இல் டெல்வாட்டரின் பெரும்பங்கை வாங்கியது.

பொழுதுபோக்குப் படகுகளில் குறைந்த செலவில் வைத்திருக்கக்கூடிய ஒன்று இது. ஆனால் குறைந்த செலவு என்பது பராமரித்தால் மட்டுமே உண்மை. டின்னி கெடுவது கடலில் ஓடும்போது அல்ல. உப்போடும் ஈரத்தோடும் அடுத்த விடுமுறை வரை முற்றத்தில் நிற்கும்போது.

உடல்

அலுமினியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால் மிகச் சிறிய டின்னிகளை இரண்டு பேர் தூக்கிக் காரின் கூரையிலேயே ஏற்றிவிடலாம். படகுக்குப் பயன்படுவது தூய அலுமினியம் அல்ல. மக்னீசியம் கலந்த 5052, 5083 போன்ற உலோகக் கலவைகள். இவை கடல்நீரைத் தாங்கும். சிறு படகுகளின் அடித்தகடு 1.6 மி.மீ. அளவுக்கு மெல்லியதாகவும் இருக்கும். தகட்டை அச்சில் அழுத்தி வரிவரியான மடிப்புகளை ஏற்படுத்துவதாலேயே அந்த மெல்லிய தகடு விறைப்பாக நிற்கிறது. கரடுமுரடான கடலுக்குப் போகிறவர்கள் 3, 4 மி.மீ. தகட்டில் பற்றவைத்துக் கட்டிய படகை வாங்குகிறார்கள். அதன் எடையும் கூடும், விலையும் கூடும், அதை இழுக்கும் காரும் பெரிதாக இருக்க வேண்டும்.

பழைய படகுகளில் தகடுகள் ரிவெட்டால் இணைக்கப்பட்டிருக்கும். அலையில் மோதி மோதி ரிவெட்டுகள் தளர்ந்து நீர் கசியத் தொடங்கும். கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. படகு டிரெய்லரில் இருக்கும்போதே உள்ளே சில அங்குலம் நீர் விட்டு, கீழே குனிந்து, சொட்டும் இடங்களைச் சாக்குக்கட்டியால் வட்டமிட வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதை மறந்து படகை நிரப்பினால் டிரெய்லரின் அச்சு வளைந்துவிடும்.

புதிய படகு ஒவ்வொன்றிலும் 'ஆஸ்திரேலியக் கட்டுநர் தகடு' ஒட்டப்பட்டிருக்கும். எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும், எஞ்சினின் உச்ச திறன் என்ன ஆகியவை அதில் இருக்கும். வாங்குபவர்கள் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு வரியும் அதில் உண்டு: மிதவைத் தரம். 6 மீட்டருக்குக் குறைவான படகுகளுக்கு அது அடிப்படை மிதவையா, சமநிலை மிதவையா என்று குறிக்கப்பட்டிருக்கும். அடிப்படை மிதவை கொண்ட படகு, நீர் நிறைந்தாலும் மூழ்காது. ஆனால் கவிழ்ந்த நிலையிலோ, ஒரு முனை மட்டும் மேலே தெரிய நட்டுக்குத்தாகவோ மிதக்கலாம். சமநிலை மிதவை கொண்டது நிமிர்ந்தபடியே மிதக்கும்; உள்ளே இருப்பவர்கள் அதிலேயே உட்கார்ந்து உதவிக்குக் காத்திருக்கலாம். ஒலிபெருக்கிக்கும் பெரிய திரைக்கும் செலவிடும் பணத்தை முதலில் இதற்குச் செலவிட வேண்டும்.

எஞ்சின்

சிறு படகுக்கேற்ற அவுட்போர்டு எஞ்சினைப் பரவலாக விற்றுக் காட்டியவர் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1909இல் தொழில் தொடங்கிய ஓலே எவின்ரூட். அவர் பெயரில் வந்த எஞ்சின்களின் தயாரிப்பு 2020இல் நின்றுபோனது. ஆஸ்திரேலியாவில் பல்லாண்டுகள் டின்னிகளை ஓட்டியவை கார்பரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சின்கள். புகை அளவுக்கான சட்டம் 2017இல் வந்தது. அதன்படி, தரத்தை எட்டாத புதிய எஞ்சின்களை 2018 ஜூலை 1 முதல் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது; 2019 ஜூலை 1 முதல் விற்கவும் முடியாது. முன்பே வாங்கியவற்றை ஓட்டத் தடையில்லை.

இதனால் பழைய டின்னிகளுக்கு ஒரு சிக்கல் வந்திருக்கிறது. அதே குதிரைத்திறன் கொண்ட ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் பழைய டூ ஸ்ட்ரோக்கைவிடக் கணிசமாகக் கனமானது. பழைய உடலில் அதை மாட்டினால் கடையால் (பின்முனை) பக்கம் தாழ்ந்து, பின்னாலிருந்து வரும் அலை உள்ளே ஏறும். எஞ்சினை மாற்றும் முன் குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் போதாது, எடையையும் பார்க்க வேண்டும்.

கடலிலிருந்து திரும்பியதும் எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் ஓட்டுவது முதல் வேலை. எஞ்சினின் காலில் நீர் உறிஞ்சும் துளைகள் மீது, காதுறை போன்ற இரண்டு ரப்பர்க் கிண்ணங்களை மாட்டி, தோட்டக் குழாயை இணைக்க வேண்டும். குழாயை முதலில் திறந்து, அதன் பிறகே எஞ்சினை முடுக்க வேண்டும். கியரில் போடக் கூடாது. பக்கவாட்டில் ஒரு சிறு துளையிலிருந்து நீர்த்தாரை பீய்ச்சும். அது வலுவாக வந்தால் நீர் பம்பு வேலை செய்கிறது என்று பொருள். தாரை மெலிந்தாலோ, விட்டு விட்டு வந்தாலோ, உடனே எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பம்பின் உள்ளே உள்ள ரப்பர் இதழ்ச்சக்கரம் தேய்ந்திருக்கும். விலை குறைந்த அந்தப் பொருளை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் எஞ்சின் சூடேறி முழுவதுமாகப் போய்விடும்.

ஆண்டுக்கு ஒருமுறையோ 100 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறையோ கியர் எண்ணெயை மாற்ற வேண்டும். பழைய எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. அதற்கு வழக்கமான காரணம் மீனவரின் சொந்தத் தூண்டில் நரம்புதான். நீரில் கிடக்கும் நரம்பு உந்துவிசிறியின் தண்டில் சுற்றிக்கொண்டு, இறுகி, உருகி, அங்குள்ள எண்ணெய் அடைப்பானை வெட்டிவிடும். விசிறியைக் கழற்றித் தண்டைத் துடைத்துப் பார்க்கச் சில நிமிடம் போதும்.

எத்தனால் கலந்த பெட்ரோலை அவுட்போர்டுக்குத் தவிர்ப்பது நல்லது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் நீரும் எத்தனாலும் சேர்ந்து தொட்டியின் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் ஓடாத படகில் இது அடிக்கடி நேர்கிறது. நீர்பிரிக்கும் வடிகட்டி ஒன்று கட்டாயம் வேண்டும்.

அரிப்பு

அலுமினியம் தன்மேல் தானே ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை அந்தப் படலம் காக்கும். உப்பு ஈரத்தோடு வேறோர் உலோகம் வந்து ஒட்டினால் மின்கலம் போல ஒன்று உருவாகி, இரண்டில் வீரியம் கூடிய அலுமினியம் கரையத் தொடங்கும். செம்பு இதில் மிக மோசமான கூட்டாளி. ஆஸ்திரேலியாவின் ஒரு டாலர், இரண்டு டாலர் நாணயங்களில் பெரும்பகுதி செம்பு. சட்டைப்பையிலிருந்து நழுவித் தரைவிரிப்புக்குக் கீழே கிடக்கும் ஒரு நாணயம், ஈரம் தொடர்ந்தால், தனக்கு அடியில் உள்ள தகட்டில் குழி தோண்டிவிடும். பித்தளைத் திருகும், மின்கம்பித் துணுக்கும் அப்படியே. செம்பு கலந்த பாசித்தடுப்புச் சாயத்தை அலுமினிய உடலில் நேரடியாகப் பூசவே கூடாது. செம்பு மருந்து ஏற்றிய மரப்பலகையைத் தரையாகப் போடுவதும் அதே தவறு. எஞ்சினைத் தாங்கும் கடையால் பலகையில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள் போடும்போது இடையில் நைலான் வளையமோ காப்புப் பசையோ வைக்க வேண்டும்.

தரைவிரிப்பு காலுக்கு இதமாக இருக்கும். மீன் துள்ளும் சத்தத்தையும் அடக்கும். ஆனால் அதுவே உப்பு ஈரத்தைத் தகட்டோடு ஒட்டவைத்து, காற்றுப் படாமல் தடுக்கிறது. கழற்றிக் காயவைக்க முடியாத விரிப்பைப் போடாமலே விடலாம்.

எஞ்சினில் பொருத்தப்படும் தியாகக் கட்டி, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே உள்ளது. கடல்நீருக்குத் துத்தநாகம் அல்லது அலுமினியக் கலவை, நன்னீருக்கு மக்னீசியம். பாதி கரைந்ததும் மாற்றிவிட வேண்டும். சாயம் பூசினால் அது வேலை செய்யாது.

டிரெய்லர்

பயணம் நடுவழியில் நின்றுபோவதற்குப் படகைவிட டிரெய்லரே பல நேரம் காரணமாகிறது. நெடுஞ்சாலையில் ஓடிவந்த சக்கரக் குடம் சூடாக இருக்கும். இறங்குதளத்தில் அதை அப்படியே குளிர்ந்த கடல்நீரில் அமிழ்த்தினால் உள்ளிருக்கும் காற்று சட்டெனச் சுருங்கி, தளர்ந்த அடைப்பான் வழியே உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த வாரம் பேரிங் துருப்பிடித்து இறுகும். எனவே தளத்துக்குச் சற்றுத் தள்ளி நிறுத்தி, கயிறு கட்டுவது, தூண்டில் எடுத்து வைப்பது, வடிகால் அடைப்பானைத் திருகுவது எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அதற்குள் குடம் ஆறிவிடும். பின்னால் நிற்பவர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. விளக்குக் கம்பியை நீரில் இறங்கும் முன் கழற்றிவிட்டால் பல்புகள் பிழைக்கும். துத்தநாகம் பூசிய சட்டமாக இருந்தாலும் இலைவில்லும் யு-போல்ட்டும் துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் படகின் உடலுக்கு முன்பே இவற்றைக் கழுவ வேண்டும். மொத்த எடை 750 கிலோவுக்குள் இருந்தால் டிரெய்லருக்குப் பிரேக் தேவையில்லை. பெரும்பாலான டின்னிகள் அதற்குள் அடங்கும்.

சட்டமும் பாதுகாப்பும்

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். நியூ சவுத் வேல்ஸில் 10 நாட் வேகத்திலோ அதற்கு மேலோ ஓட்ட உரிமம் வேண்டும். குவீன்ஸ்லாந்தில் எஞ்சின் 4.5 கிலோவாட்டைத் தாண்டினால் உரிமம் வேண்டும். வடக்குப் பிரதேசத்தில் பொழுதுபோக்குப் படகுக்கு உரிமமும் இல்லை, பதிவும் இல்லை. விக்டோரியாவில் 4.8 மீட்டர் வரையிலான எஞ்சின் படகில் ஓடும்போதெல்லாம் உயிர்காப்புச் சட்டை அணிந்தே ஆக வேண்டும். மற்ற மாநிலங்களில் வற்புறுத்தாத நேரத்திலும் டின்னியில் அதைக் கழற்றி வைப்பதற்கு நியாயமே இல்லை. காற்றடைக்கும் வகைச் சட்டையில் உள்ள வாயுக் குப்பியை அவ்வப்போது கழற்றி, சமையலறைத் தராசில் எடை போட்டு, குப்பியில் பொறித்துள்ள எடையோடு ஒப்பிட வேண்டும். குறைந்திருந்தால் வாயு கசிந்துவிட்டது.

பெரும்பாலான மாநிலங்களில், கரையிலிருந்து 2 கடல்மைலுக்கு அப்பால் போனால் 406 மெகாஹெர்ட்ஸ் அவசரக் கதிரலைக் கருவி கட்டாயம். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவிகளைச் செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி முதல் கவனிப்பதில்லை. பரணில் கிடக்கும் அத்தகைய கருவியை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது. புதிய கருவியை ஆஸ்திரேலியக் கடல் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும்; அதற்குக் கட்டணம் இல்லை.

வடக்கே முதலைகள் வேறு. தாழ்ந்த டின்னியின் விளிம்பில் கையைத் தொங்கவிடுவதும், நீரோரத்தில் மீன் அரிவதும் அங்கே உயிருக்கு ஆபத்து. குவீன்ஸ்லாந்தில் பாரமுண்டி மீன் 58 முதல் 120 செ.மீ. வரை இருந்தால் மட்டுமே வைத்துக்கொள்ளலாம். அளவுகோல் ஒன்றைப் படகின் விளிம்பிலேயே ஒட்டி வைத்திருப்பவர்கள் உண்டு.

பழைய படகு வாங்கும்போது

பழைய டின்னியில் உடலைவிட எஞ்சினுக்கே மதிப்பு அதிகம். சோதனையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும். குளிர்ந்த நிலையில் எஞ்சினை முடுக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். நாம் வருவதற்கு முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால் கேள்வி கேட்கலாம். எஞ்சினைப் பாதி உயர்த்தி, அதன் காலைக் கையால் மேலும் கீழும் அசைத்து, கடையால் பலகை அதோடு சேர்ந்து நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். நெளிந்தால் உள்ளிருக்கும் மரம் உளுத்திருக்கிறது. இருக்கைகளுக்கு அடியில் பற்றவைத்த மூலைகளில் மயிரிழை வெடிப்புகளைத் தேட வேண்டும்; புதுச் சாயம் பூசிய இடங்களில் கூடுதலாகத் தேட வேண்டும். இருக்கைக்குள் உள்ள மிதவை நுரை நீர் குடித்திருந்தால் படகின் எடை கூடியிருக்கும். பொது எடைமேடையில் ஏற்றினால் தெரிந்துவிடும். உடலில் பொறித்த அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு, சொத்துப் பிணையப் பதிவேட்டில் சிறு கட்டணம் செலுத்தித் தேடலாம். படகின் மேல் கடன் நிலுவை இருந்தால் கடன் கொடுத்தவர் அதைப் புதிய உரிமையாளரிடமிருந்தும் எடுத்துப்போக வழியுண்டு.